கரையேறாத கல்

அன்று காலை தீர்த்தம் உப்புக் கரித்தது.

அலர்மேல்மங்கை உத்தரணியை வாயிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளிக் கரண்டி பளிச்சென்றுதான் இருந்தது. அண்ணா போன துக்கத்தில் பதிமூன்று நாளும் வெளியே வராத கண்ணீர் தொண்டைக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருக்கிறது, அதுதான் கரிக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னொரு உத்தரணி எடுத்துக் குடித்தாள். அதுவும் கரித்தது. சாற்றில் உப்புக் கூடினால் நாக்கு நுனியில் சுருக்கென்று தெரியும். இது அப்படி இல்லை. அடித்தொண்டையில் போய் நின்று, மூக்குவரை ஏறி, ஒரு பெரிய காற்றின் ஞாபகத்தைக் கொண்டுவந்தது. பத்து வயதில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் அலை தள்ளி விழுந்து ஒரு வாய் குடித்தாளே, அந்த உப்பு.

மல்லேஸ்வரத்தில் ஏது கடல்? கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே இருக்கிற ஊர். அதை அவளுக்குச் சொன்னதே அண்ணாதான்.

அண்ணா சடகோபன் டேராடூனில் முப்பது வருஷம் சர்க்கார் வரைபடம் வரைந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினாறு வயதில் தாலியை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்த தங்கையை நினைத்துத்தான் செய்துகொள்ளவில்லை என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அவன் மலையையே கட்டிக்கொண்டான் என்று அம்மா சொல்வாள். அம்மா கண்ணை மூடிய வருஷம், நாற்பத்தெட்டில், பென்ஷன் வாங்கிக்கொண்டு மல்லேஸ்வரம் வந்து சேர்ந்தார். அதிலிருந்து ஐந்து வருஷம், ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் சம்பங்கி மரத்தடி ஓட்டு வீட்டில், அண்ணனும் தங்கையும் இரண்டே பேர்.

தினம் காலை ஆறு மணிக்கு அவர் பெருமாள் அறையில் உட்கார்ந்து பாசுரம் சொல்ல ஆரம்பிப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் சமையலறையில் அவளுக்கு அந்தக் குரல்தான் கடிகாரம். இன்ன பாட்டு வந்தால் பால் பொங்கும், இன்ன பாட்டு முடிந்தால் அரிசி களைய வேண்டும். வேறு கடிகாரம் அந்த வீட்டில் இருந்தது, ஆனால் அதற்கு யாரும் சாவி கொடுப்பதில்லை.

பூஜை முடிந்து காபி டம்ளரோடு உட்கார்ந்தால் அவருக்கு மலைப் பேச்சு வந்துவிடும்.

“அலமேலு, இமயமலைன்னா என்னன்னு நெனைச்சுண்டிருக்கே?”

“பனி. கைலாசம். வேறென்ன?”

“சமுத்திரம்டீ! சிந்து நதி திரும்பற எடத்திலேர்ந்து பிரம்மபுத்ரா திரும்பற எடம் வரைக்கும் ஆயிரத்தைந்நூறு மைல். அத்தனையும் ஒரு காலத்துலே தண்ணிக்கு அடியிலே கெடந்தது. அடியிலேர்ந்து மடிஞ்சு மடிஞ்சு எழுந்து வந்தது. இன்னும் எழுந்துண்டிருக்கு.”

“ஆமா, நீங்க போய் அளந்தேளாக்கும்.”

“அளந்தவா அளந்தா, நான் கோடு போட்டேன். அந்தக் கண்டகி ஆறு இருக்கே, அது மலைக்கே மூத்தது. மலை எழும்ப எழும்ப ஆறு அறுத்துண்டே கீழே நின்னுது. ரெண்டு பக்கமும் இருபத்தாறாயிரம் அடி, நடுவுலே பள்ளத்துலே ஆறு. கீழே சால மரம், மேலே தேவதாரு, அதுக்கு மேலே பூர்ஜ மரம், அதுக்கும் மேலே புல்லு. அப்புறம் ஒண்ணுமே கெடையாது. காத்து மட்டும்.”

வரைபடத்தில் மலையைச் சுற்றிச் சுற்றி மெல்லிய கோடுகளாகப் போட்டிருப்பார். அது என்ன என்று ஒருநாள் கேட்டாள். “ரொம்ப எளுசு. மலை அடியிலே தண்ணி ரொப்பறேன்னு வெச்சுக்கோ. நூறு அடி ரொப்பி நிறுத்தினா, சுத்திலும் தண்ணி பட்ட எடத்துலே ஒரு கறை நிக்குமோல்லியோ? அதுதான் ஒரு கோடு. இன்னும் நூறு அடி ரொப்பினா அடுத்த கோடு. ஒவ்வொரு கோடும் ஒரு கடற்கரை” என்றார். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மலை தெரியாது. தண்ணீர் ஏறுவதுதான் தெரியும்.

பெருமாள் அறையில் கோவிலாழ்வார் என்று அவர்கள் சொல்லும் சின்ன மரக்கோயிலுக்குள் இருந்த சாளக்கிராமம், அவர் முக்திநாத்துக்கு யாத்திரை போனபோது கண்டகி ஆற்றிலிருந்து தன் கையாலேயே எடுத்து வந்தது. கோழிமுட்டை அளவில் கறுப்புக் கல். ஒரு பக்கம் வாய்போல் திறந்திருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் சுருள் சுருளாகச் சக்கரம். “கடல்லே இருந்த ஒரு பிராணியோட கூடு அது. அறை அறையாக் கட்டிண்டு போகும். வளர வளரப் பழைய அறையை அடைச்சுட்டுப் புது அறைக்கு வந்துடும். கடைசி அறையிலேதான் குடித்தனம்” என்பார். பெருமாளைப் போய்ப் பிராணி என்கிறீர்களே என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டால், “எல்லாம் அவன்தான்” என்று சிரிப்பார்.

கூட வந்த கூலியாள் அந்தக் கல்லை வேண்டாம் என்றானாம். ஆற்றில் எத்தனையோ கல் உருண்டு கரையேறிக் கிடக்கிறது, அதில் எடுத்துக்கொள். இது இன்னும் கரையேறாத கல், திரும்பப் போடு என்றானாம். “பாவம், படிக்காதவன்” என்று சடகோபன் அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தினமும் திருமஞ்சனம் ஆனதும் அந்தக் கல்லை ஒரு மெல்லிய துணியால் அவர் துடைக்கிற துடைப்பு இருக்கிறதே, வாய்க்குள் விரல் விட்டு, ஒரு சொட்டு ஈரம் நிற்காமல், கைக்குழந்தையின் காதைத் துடைப்பதுபோலத் துடைப்பார்.

ஐம்பத்துமூன்று ஜூனில் எவரெஸ்ட்டின் உச்சியில் மனிதன் கால் வைத்துவிட்டான் என்று பேப்பரில் வந்தது. அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. “அவா காலுக்குக் கீழே என்ன இருந்தது தெரியுமோ? சுண்ணாம்புக்கல்லு. சமுத்திரத்தோட அடிமண்ணு. அவ்வளவு ஒசரம் ஏறி, கடைசியிலே போய்க் கடலுக்கு அடியிலே நின்னா, அலமேலு!” என்று சொல்லிச் சிரித்தவருக்கு இருமல் வந்தது. அந்த இருமல் நிற்கவே இல்லை.

நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் பத்து நாள். ஊசி போட்டு எடுக்க எடுக்க ஊறியது. கட்டிலில், வெள்ளைத் துப்பட்டிமேல், சுற்றிலும் காய்ந்த தரை இருக்க, அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கினார். கடைசி நாள் சாயங்காலம் பாசுரம் சொல்ல முயன்றார். மூன்று அடி வந்தது. நாலாவது அடி ஆரம்பத்தில் மூச்சு முட்டி, தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம். அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

காரியங்களை எல்லாம் நடத்தியவர் தேசிகாச்சாரி மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எட்டாவது கிராஸ் தெருவில் இருந்தார், எழுபது வயது. சாளக்கிராமத்தைப் பெண்கள் தொடக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தீட்டு நாளில் திருவாராதனப் பூஜையும் கிடையாது. அதனால் மாமாவே வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அதில் கல்லை இறக்கினார். “ஜலத்துல இருக்கட்டும்மா. நீ தொட வேண்டாம். கொறைஞ்சா மேலேர்ந்து ஒரு சொம்பு விடு, அவ்வளவுதான். பதிமூணு நாள் கழியட்டும், நல்ல நாள் பார்த்து எங்காத்துக்கு எழுந்தருளப் பண்ணிக்கறேன். பூஜை இல்லாம ஒரு ஆத்துல வெச்சுக்கப்படாது.”

அவளும் அப்படியே செய்தாள். தொடவில்லை. தொடாததால் பழைய தண்ணீரைக் கொட்டவும் முடியவில்லை, கல்லைத் துடைக்கவும் முடியவில்லை. பழசின்மேல் புதுசு, அதன்மேல் புதுசு என்று விட்டுக்கொண்டே வந்தாள்.

பதினாலாம் நாள்தான் தீர்த்தம் கரித்தது. கிண்ணத்தில் தளும்பியதை எடுத்துத் துளசிக்கு விட்டாள். மூன்றாம் நாள் துளசி கருகிப்போயிற்று. மண்மேல் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்?

தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சாப்பாடு ஒரு கஷ்டமே இல்லை, தூக்கம்கூட இல்லை. ஒரு வார்த்தை சொல்வதற்கு வாய் திறந்துவிட்டு, கேட்க ஆள் இல்லை என்று மூடிக்கொள்கிறோமே, அதுதான். அலமேலு அந்த நாட்களில் ஒரு நாளைக்கு நூறு தடவை அப்படி வாயை மூடிக்கொண்டாள். ஆறு மணிக்கு அடுப்பு மூட்டிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லாததைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். பால் தன்பாட்டுக்குப் பொங்கி வழியும்.

துவாதசியன்று மாமா வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலை ஆறு மணிக்கு அவள் கிண்ணத்தில் தண்ணீரை விட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். வெளியே பொடித் தூறல். சம்பங்கி மரம் சொட்டும் சத்தம், தூரத்தில் ரயில் இன்ஜின் பெருமூச்சு விடும் சத்தம். அந்த இரண்டுக்கும் நடுவில், சுவருக்கு அப்பால், முதலில் ஒரு வண்டு முரள்வதுபோல ஒன்று ஆரம்பித்தது. பிறகு அது ஏறி இறங்கிற்று. பிறகு அதற்கு ராகம் வந்தது.

கரண்டியைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

அண்ணா குரல்தான். ரொம்பத் தொலைவில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, அடிக்குரலில், அதே பாசுரம். முதல் அடி, இரண்டாம் அடி.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்துக்கு முன்னால் அவளுக்கு அழுகை வந்தது, அழுகைக்கும் முன்னால் பால் நினைவு வந்து அடுப்பிலிருந்து இறக்கினாள். சரியாகப் பொங்குகிற சமயம்.

பத்து மணிக்குத் தேசிகாச்சாரி மாமா குடையும் பட்டுத் துணியும் மூங்கில் கூடையுமாக வந்து நின்றார்.

“அலமேலு, ஸ்நானம் ஆச்சா? பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கலாமா?”

“மாமா, இன்னிக்கு வேண்டாமே. ஒடம்பு கணகணங்கறது.”

“ஒடம்பு உனக்குத்தானே? எடுத்துண்டு போகப் போறவன் நான்.”

“ஆடி பொறக்கப் போறது. ஆடியிலே ஒண்ணையும் ஆத்தை விட்டு அனுப்பப்படாதுன்னு அம்மா சொல்வா. ஆவணி பொறக்கட்டும், மாமா.”

“ஆடிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கேடீ!” என்றார் மாமா. அவள் முகத்தைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, “சரி சரி, ஒங்கம்மா போட்ட சட்டம், மாத்த முடியுமா? ஒரு வாய் காபியாவது கொடு, நனைஞ்சுண்டு வந்திருக்கேன்” என்று உட்கார்ந்தார். காபியைக் குடித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். துக்கப்பட்டவள் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

அதற்கு மறுநாள்தான் சுவரில் அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

பெருமாள் அறையில், தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில், நூல் பிடித்ததுபோல வெள்ளையாக ஒரு கறை. நாலு சுவரிலும். வாசற்படி தாண்டிச் சமையலறையிலும் அதே உயரத்தில் தொடர்ந்தது. கூடத்திலும். அண்ணாவின் அறையிலும். ஈரத் துணியால் துடைத்தாள், போயிற்று. மறுநாள் காலையில் இருந்தது, அதற்கு மேலே இரண்டு விரற்கடையில் இன்னொன்றும் இருந்தது.

மாடு ஓட்டிவந்து வாசலில் பால் கறந்து கொடுப்பவள் சந்திரம்மா. ஒருநாள் சாயங்காலம் அவள் போட்ட கூச்சலில் அலமேலு வெளியே வந்தாள்.

“அம்மோவ்! உங்க செவுத்துல இன்னாம்மா தடவி வச்சிகீறே? கவுரி நவுர மாட்டேன்னுது பாரு!”

பசு பெருமாள் அறையின் வெளிச்சுவரில் முட்டிக்கால் உயரத்தில் நாக்கை நீட்டி நீட்டி நக்கிக்கொண்டிருந்தது. சந்திரம்மா கயிற்றைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை.

“மழைக்குச் சுண்ணாம்பு ஊறியிருக்கும், சந்திரம்மா.”

“சுண்ணாம்ப மாடு நக்குமா? உப்பும்மா, உப்பு! அத்த வுடு, உள்ளேந்து இன்னாவோ கவுச்சி அடிக்குதே. ஐயங்காரம்மா வூட்ல கருவாடா? அய்யோ தேவரே, காலம் கெட்டுப்போச்சி!”

“சீ, போடி அந்தண்டை!” என்று அலமேலுவும் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சிரித்தது அதுதான் கடைசி.

கோடு முட்டிக்கால் வரை வந்தபோது கூடத்துக் கதவைச் சாத்தினாள். அங்கே அண்ணாவின் படப்பலகை இருந்தது, பாதி வரைந்த மலை அதன்மேல் இருந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை. தொடை வரை வந்தபோது அண்ணாவின் படுக்கையறையைச் சாத்தினாள். இடுப்புக்கு வந்தபோது தன் அறையையும் சாத்திவிட்டுச் சமையலறையிலேயே பாயைப் போட்டுக்கொண்டாள். குரலுக்குப் பக்கமாக இருக்கும் என்பது ஒன்று. இன்னொன்று, அந்த அறைகளில் நடந்தால் கால் கனத்தது. தரை காய்ந்துதான் இருந்தது. ஆனால் ஒவ்வோர் அடியும் எதையோ தள்ளிக்கொண்டு போவதுபோல இருந்தது. புடவைத் தலைப்பு கீழே தொங்காமல், பக்கவாட்டில், மெதுவாக அலைந்தது.

வாசனையும் இருந்தது. பாசியும் ஈர மணலும் ரொம்பப் பழைய சிப்பியும் கலந்த வாசனை. சாம்பிராணி போட்டாலும் அடங்காது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். காலை ஆறு மணி என்று ஒன்று இருந்ததே! சொம்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் விட்டதும் குரல் எழும்பும். வாரத்துக்கு வாரம் பக்கத்தில் வந்தது. இரண்டு டம்ளர் காபி கலந்து, ஒன்றைக் கோவிலாழ்வார் முன்னால் வைத்துவிட்டு, சந்திரம்மா சொன்னது, ரயில் லேட்டாக வந்தது, பருப்பு விலை எல்லாம் சொல்லுவாள். பதில் வராது. பாசுரம் மட்டும் வரும். முதல் அடி. இரண்டாம் அடி. மூன்றாம் அடி. பிறகு நாலாவது அடியின் ஆரம்பத்தில் ஒரு களகளப்பு, நின்றுவிடும். திரும்ப முதல் அடி.

அந்த இடத்திலேயே ஏன் நிற்கிறது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். அது அவளுக்கு வந்துவிட்டது.

ஆடிப் பூரத்துக்கு முன்னால் மாமாவின் மனைவி வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். சமைத்துப் போட அலமேலு மூன்று நாள் எட்டாவது கிராஸில் இருக்க வேண்டியதாயிற்று. புறப்படும்போது கிண்ணத்தில் விளிம்பு தட்டத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் போனாள். அங்கே மூன்று நாளும் அவளுக்கு நடையே லேசாக இருந்தது. “நன்னாத்தான் இருக்கே. எங்களோடயே இருந்துடேன்” என்று மாமி சொன்னாள். இருந்திருக்கலாம்.

நாலாம் நாள் காலை ஐந்தரைக்கே திரும்பிவந்து பூட்டைத் திறந்தாள். வாசனை குறைந்திருந்தது. சுவரில் மேலே இருந்த மூன்று கோடுகளைக் காணோம். காற்று காற்றாக இருந்தது. பெருமாள் அறையில் கிண்ணத்துத் தண்ணீர் பாதிக்குமேல் வற்றி, கல்லின் மேல்பாகம் வெளியே தெரிந்தது. காய்ந்துபோய், சாம்பல் பூத்து.

குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் அந்தக் குரலில் முக்கல் இல்லை. இரைப்பு இல்லை. நல்ல நாளில், ஸ்நானம் பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்து, ஆற அமர மூச்சை இழுத்துச் சொல்லுகிற அண்ணாவின் குரல். முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி. நாலாவது அடி ஆரம்பித்தது. களகளப்பு இல்லை. முக்கால் அடி வந்தது. அங்கே தயங்கி, இன்னும் ஈரம் இருக்கிற ஏதோ ஓர் இடத்தில் தடுக்கி நின்றது.

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

ஒவ்வொன்றாகப் புரிந்தது. சொம்புத் தண்ணீர் விட்டவுடன் குரல் எழும்பியது சந்தோஷத்தினால் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊசி போட்டு நீரை எடுக்க எடுக்க மறுபடி ஊறியபோது, மேலே வரத் துடித்தாரே, அந்தத் துடிப்பு. ஒரு மாசமாக, தினம் காலை ஆறு மணிக்கு. இரண்டு டம்ளர் காபியை வைத்துக்கொண்டு, பருப்பு விலை சொல்லிக்கொண்டு. அவள்தான். அவள் கையால்தான்.

காயவிட்டால் போதும். இன்னும் ஒரே ஒரு நாள் விட்டால் போதும். நாலாவது அடி முடிந்துவிடும். அவர் கரையேறிவிடுவார்.

முடிந்துவிட்டால்?

சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இருக்காது. ஆறு மணிக்கு. ஏழு மணிக்கு. மறுநாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. பால் தன்பாட்டுக்குப் பொங்கி வழியும். வாயைத் திறப்பாள். மூடிக்கொள்வாள்.

கிண்ணத்துக்குள் குரல் மறுபடி நாலாவது அடிக்கு வந்தது. முக்கால். முக்காலுக்குமேல் ஒரு சொல். இன்னும் இரண்டே சொல் பாக்கி.

“அண்ணா” என்றாள். “கொஞ்ச நாள். கொஞ்ச நாள்தான்.”

சொம்பை எடுத்தாள். சாய்த்தாள்.

தண்ணீர் கல்லின் வாயில் விழுந்து, சுருள் சுருளாக உள்ளே இறங்கிற்று. அறை அறையாக. களகளவென்று. நடுவில் அவள் பெயர் வந்தது. ஐந்து வருஷம் காபிக்குக் கூப்பிட்ட அதே அலமேலு. ஆனால் கட்டிலில் கடைசிச் சாயங்காலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்ட மாதிரி.

அவள் நிறுத்தவில்லை. விளிம்பு வரை விட்டாள்.

அன்று ஒரே நாளில் கோடு மார்புக்கு ஏறியது.

ஆவணி முதல் தேதி காலை பத்து மணிக்கு மாமா வந்துவிட்டார். குடை, பட்டுத் துணி, மூங்கில் கூடை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல் கம்பிக்குள் அவள் முகம் மட்டும் தெரிந்தது.

“அலமேலு! ஆடி போயாச்சு. கதவைத் தெற.”

“இன்னிக்கு முடியாது, மாமா.”

“என்னடி இது, ஒவ்வொரு தடவையும்? பூஜை இல்லாம பெருமாளைப் பட்டினி போடப்படாதும்மா. நோக்குத் தெரியாததா?”

“பட்டினி போடலை. தினம் தீர்த்தம் விடறேன்.”

மாமா ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தார். உள்ளே பார்த்தார். காய்ந்த தரை, காய்ந்த சுவர், நடுவில் ஒரு மெலிந்த பொம்மனாட்டி. அவர் முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது.

“ஏம்மா அண்ணாந்துண்டே பேசறே? கழுத்து பிடிச்சுண்டிருக்கா?”

“ஆமாம்” என்றாள்.

“கால் நுனியிலே ஏன் நிக்கறே?”

இன்னொரு தடவை வாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும்போல இருந்தது, அதனால் அவள் திறக்கவில்லை. மாமா டாக்டரை அழைத்துக்கொண்டு சாயங்காலம் வருகிறேன் என்றார். குடை தெருவில் போயிற்று. ரொம்ப மேலே, ரொம்ப தூரத்தில், படகின் அடிவயிறுபோல, ஆடி ஆடிப் போயிற்று.

வெளிச்சம் பச்சையாக இருந்தது.

திரும்பினாள். நடக்க நேரமாயிற்று. கைகளால் விலக்கி விலக்கி நடந்தாள். புடவை மெதுவாகப் பின்னால் வந்தது. பெருமாள் அறைச் சுவரில் இன்றைய கோடு, புத்தம்புதுசாக, கீழ் உதட்டுக்குச் சரியாக.

கிண்ணம் கீழே இருந்தது. ரொம்பக் கீழே. கறுப்புக் கல் வாயைத் திறந்துகொண்டு.

காலையில் விட்டது கொஞ்சம் வற்றியிருந்தது. குரல் மூன்றாம் அடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. நிதானமாக. நாலாவது அடி. முக்கால். ஒரு சொல். இன்னொரு சொல்.

அலமேலு கட்டைவிரல்களில் எழும்பினாள். முகத்தை ஓட்டுக் கூரையைப் பார்த்து நிமிர்த்திக்கொண்டாள். உதடுகளை இறுக மூடி, மூக்கு நுனியால் இருக்கிற காற்றை எடுத்துக்கொண்டாள். நாளைக்கு முக்காலியைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பார்க்காமலே சொம்பைச் சாய்த்தாள்.

கீழே களகளத்தது. பிறகு முதல் அடி, முதலிலிருந்து.

அடுப்பில் பால் சரியாகப் பொங்கியது.